அலுமாரி ரப்பும் பஸ் ரப்பும்

எங்கள் வீட்டில் இரண்டு ரப் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கைகளில் இதைத் தட்டைக் கணினி என்று எழுதுவார்கள். கொடிகாமத்துக் கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு ரப் கனடாவில் இருக்கும் என் தம்பி கொண்டுவந்து தந்தது. மற்றது கரவெட்டியில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் செய்தது. முதலாவது அலுமாரியில் கிடக்கிறது. இரண்டாவது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பருத்தித்துறை பஸ்ஸுக்குள் யாரையோ ஏசிக்கொண்டிருக்கும். அதுவும் என் குரலில்.

என் கணவர் இருபத்திரண்டு வருடமாக மினிபஸ் கொண்டக்டர். கொடிகாமத்தில் வெளிக்கிட்டு வரணி, துன்னாலை, நெல்லியடி, மந்திகை வழியாகப் பருத்தித்துறை. பிறகு அதே வழியால் திரும்பி வரவேண்டும். இந்தத் தொழிலுக்குக் கை கால் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், வாய் குறையக்கூடாது. ஆளைக் கூப்பிட்டு ஏற்றவும் வாய் வேண்டும், ஏறியவரை உள்ளே தள்ளவும் வாய் வேண்டும், கத்தரிக்காய் மூட்டையை வழியில் வைத்த ஆச்சியுடன் சண்டை பிடித்துப் பிறகு சமாதானமாகவும் வாய்தான் வேண்டும். இவருக்கு அது தாராளமாக இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு ரீச்சர். எனக்கும் குறைவில்லை. எங்கள் இரண்டு பேருடைய வாய் இருக்கும்போது எதற்கென்று பக்கத்து வீட்டார் வானொலி வாங்கவில்லை என்று ஒரு கதை இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் "போறன்" என்று சொல்லமாட்டார். "போட்டு வாறன்" என்பார். போனவர் திரும்பி வரவேண்டும் என்பதால் அந்தச் சொல். வீட்டில் நிற்கிறவர் "ஓம், போட்டு வாங்கோ" என்று பதில் சொல்லவேண்டும். இவர் தினமும் விடியப் படலையடியில் நின்று, அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்படி "போட்டு வாறன்" என்று கத்திவிட்டுப் போவார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். பாதி நாள் பதிலே சொன்னதில்லை. சொன்ன நாட்களிலும் "ஓம் ஓம்" என்பதோடு சரி.

போன வருடம் அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. சுருட்டைத் தொடாத மனிதருக்கு இது ஏன் என்று நான் எல்லாத் தெய்வங்களுடனும் சண்டை பிடித்தேன். கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு வந்து, ஈரத் தலையோடு சந்நிதியில் நின்றும் சண்டை பிடித்தேன். டொக்டர் நேரான மனிதர். உயிருக்குப் பயமில்லை, கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் குரலும் அதோடு போய்விடும் என்று சொன்னார். சத்திரசிகிச்சை அன்று தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது இவர் தலையைத் திருப்பி, "போட்டு வாறன்" என்றார். நான் கைப்பைக்குள் ஏதோ மருந்துத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஓம் ஓம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது கதவு மூடிவிட்டது.

அவர் தன் வாயால் பேசிய கடைசிச் சொல் அந்தப் "போட்டு வாறன்"தான். ஆள் சுகமாகத் திரும்பி வந்தார், கழுத்தில் ஒரு சிறு துளையும் அதன் மேல் ஒரு மெல்லிய துணியுமாக. குரல் வரவில்லை. அதைப் பதிந்து வைக்கவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முழுக்க மேளம்தான் கேட்டது. அந்த "ஓம் ஓம்" எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் இருந்த மாதங்களில் அவர் ஒரு கொப்பியில் எழுதித்தான் கதைத்தார். அவருடைய எழுத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? ஒரு நாள் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் எழுதியதில் பிழை திருத்திவிட்டேன். கொப்பி முற்றத்தில் போய் விழுந்தது. இரண்டு நாள் எழுதவுமில்லை. நான் அழுதேன், பிறகு கோபப்பட்டேன், பிறகு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். காலை ஆறேகாலுக்கு அவருடைய பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பால் போகும். அந்த நேரத்துக்குப் படலையடியில் போய் நிற்பார். மிதிபலகையில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று பார்ப்பார். வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் கதிரையில் இருப்பார். இந்த மனிதர் அந்தக் கதிரையிலேயே இருந்து கரைந்துபோய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது.

பஸ் முதலாளி நல்லவர். அவரே வீட்டுக்கு வந்தார்.

"உங்கடை இடம் அப்பிடியே கிடக்கு அண்ணை. ஆனால் வாய் இல்லாமல் என்னெண்டு சனத்தை மேய்க்கிறது? ஒரு வழி கண்டுபிடியுங்கோ. ஒரு கிழமை ஓடிப் பாப்பம். சரிவந்தால் சரி" என்றார்.

சரிவராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. எங்களுக்கு விளங்கியது.

எனக்கு உடனே அலுமாரி ரப்பின் நினைவுதான் வந்தது. தம்பி அதைத் தந்து நான்கு வருடம். நாங்கள் அதைப் பெட்டியோடு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கைக்கூட உரிக்காமல், என் கூறைச் சேலைக்கும் தீபாவளிச் சேலைகளுக்கும் நடுவில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தோம். விருந்தினர் வந்தால் வெளியே வரும். அவர்கள் "வடிவாயிருக்கு" என்பார்கள். திரும்ப உள்ளே போய்விடும். கரண்ட் கூடிக் குறைந்தால் பழுதாகிவிடும் என்று சார்ஜுக்கும் போடுவதில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் முதுகு வீங்கி, மூடி ஒரு பக்கம் திறந்து நின்றது. பற்றரி ஊதிவிட்டது. யாழ்ப்பாணம் ரவுனுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் தொடவே பயந்தார்.

"இது முழுக்க ஒட்டினது ரீச்சர். திறந்தால் திரும்பப் பூட்டேலாது. கொழும்புக்கு அனுப்பவேணும். அங்கையும் சாமான் வருமோ தெரியாது."

வெளிநாட்டில் இருந்து வந்த பொருளைப் பாவிக்காமல் பாதுகாத்துப் பழுதாக்குவது எங்கள் ஆட்களுக்கே உரிய திறமை. அதற்குப் பரீட்சை வைத்தால் எனக்கு முதல் வகுப்புச் சித்தி கொடுக்கலாம்.

இனி என் இன்னொரு வெட்கத்தையும் சொல்லவேண்டும். என் வகுப்பறை அலுமாரியில் பன்னிரண்டு ரப் இருந்தன. கரவெட்டியில் செய்தவை. பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. அவை வந்த அன்று நான் அதிபரிடம், "உது எத்தனை நாளைக்கு, சேர்?" என்று கேட்டேன். தடித்த கறுப்பு உறை, பின்னால் நான்கு திருகாணி, பார்க்கத் தோசைக்கல் மாதிரி இருந்தது. ஆனால் மூன்று வருடமாகப் பன்னிரண்டும் ஓடுகின்றன. ஒன்றை ஒரு பிள்ளை தண்ணீர் வாளிக்குள் போட்டது. திருகாணியைக் கழற்றி, காற்றாடிக்குக் கீழே ஒரு நாள் காயவைத்து, திரும்பப் பூட்டினோம். உயிர் வந்துவிட்டது. மூன்று வருடமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த பொருளை, உள்ளூர்ச் சாமான் என்ற ஒரே காரணத்துக்காக, நான் மதித்துப் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கரவெட்டிக்குப் போனோம். கராஜில் காருக்குப் பதிலாக நீள மேசை. அதற்கு முன்னால் மூன்று பெண்கள் இருந்து ஈயம் வைத்துக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குக் கீழே ஒரு நாய் நித்திரை. பொறுப்பான பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பொறியியல் படித்துவிட்டு வெளிநாடு போகாமல் இருந்ததற்காக ஊரில் எல்லோரும் அவளைக் குறை சொல்லி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் முகத்தில் இனி யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்ற ஒரு நிம்மதி இருந்தது. நான் எங்கள் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்களுக்கு என்னென்ன வேணும்?"

அவர் எழுதினார். எழுதி முடிக்கும் வரை அவள் பொறுமையாக நின்றாள். எட்டிப் பார்த்து ஊகித்துச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும், நான் உட்பட, பாதியிலேயே பறித்து வாசித்துவிடுவோம். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சத்தம் பெரிசாய் வேணும். ஒரு கையாலை பொத்தான் அமத்த வேணும். விழுந்தால் உடையக்கூடாது. அவர் எழுதியது அவ்வளவுதான்.

"முதல் ரெண்டும் செய்யலாம்" என்றாள். "மூண்டாவது பொய் சொல்லமாட்டன். விழுந்தால் உடையும். உடைஞ்சால் கொண்டு வாங்கோ, செய்து தாறன்."

முழுக்க இங்கேயே செய்வதா என்று கேட்டேன். திரையும் உள்ளே இருக்கும் தகடும் வெளியில் இருந்து வருகின்றன, உறை, பற்றரி அடுக்கு, ஒலிபெருக்கி, மென்பொருள் எல்லாம் இந்த மேசையில்தான் என்றாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. விலையைச் சொன்னபோது நான் இரண்டாவது முறை கேட்டேன். என் நல்ல சேலை ஒன்று அதைவிட விலை கூட.

ஒரு கிழமையில் தயாராகிவிட்டது. ஓட்டோவில் பாட்டுக் கேட்கப் பூட்டும் ஒலிபெருக்கி ஒன்றை உறைக்குள் வைத்திருந்தாள். பக்கவாட்டில் பெருவிரலுக்கு எட்டும்படி ஆறு பொத்தான்கள், அவற்றோடு சிவப்பில் ஒன்று. சிவப்பை அமர்த்திப் பிடித்தால் சத்தத்தைப் பதிந்து, வேண்டிய பொத்தானில் போட்டுக்கொள்ளும். மிச்சச் சொற்கள் திரையில். அதற்குள் ஏற்கனவே ஒரு தமிழ்க் குரல் இருந்தது. அமர்த்திப் பார்த்தோம். "தயவுசெய்து முன்னே செல்லவும்" என்று செய்தி வாசிப்பதுபோல் சொன்னது. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. வேறு யாருடைய குரலைப் போடலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

அன்று பின்னேரம் நான் தலை வாரி இழுத்து, கண்ணாடி துடைத்துப் போட்டுக்கொண்டு, வானொலி நிலையத்துக்குப் போகிறவள் மாதிரி மேசைக்கு முன்னால் இருந்து பதிந்தேன். "தயவுசெய்து கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ." "கோவிக்காதையுங்கோ, மூட்டையை ஓரமாய் வையுங்கோ." பொதுச் சனத்தோடு கதைப்பது, மரியாதையாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். படித்த குடும்பம் என்று தெரியவேண்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஆறேகால் பஸ்ஸில் நானும் ஏறினேன். பழைய புத்தகப் பையின் பட்டியை வெட்டித் தைத்து, ரப்பை அவருடைய தோளில் மாட்டியிருந்தேன். கொடிகாமம் சந்தைக்கு முன்னால் பஸ் நிறைந்தது. வாசலில் எல்லோரும் அடைந்துகொண்டு நிற்க, நடுவில் பத்துப் பேருக்கு இடம் கிடந்தது. இவர் பொத்தானை அமர்த்தினார்.

"தயவுசெய்து கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ" என்றேன் நான், பெட்டிக்குள் இருந்து.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ரப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு ஆச்சி, "ஆர் பிள்ளை கதைக்கிறது? நல்ல வடிவாய்க் கதைக்கிறாள்" என்று கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். திரும்ப அமர்த்தினார். திரும்பவும் சிரிப்பு. சாரதி கண்ணாடியில் பார்த்தார். வெளியே நாலைந்து பேர் ஏறமுடியாமல் நின்றார்கள். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. இவருடைய நெற்றியில் வியர்வை. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் இறங்கி வீட்டுக்கு நடந்திருப்பார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். பின் சீற்றில் இருந்து எழும்பினேன்.

"என்ன, கல்லு மாதிரி நிக்கிறியள்! உள்ளுக்கு இடம் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ? நகருங்கோ பாப்பம் முன்னுக்கு!"

மூன்றாம் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரே நேரத்தில் கதிரையில் இருத்தும் குரல் அது. பஸ் முழுக்க முன்னுக்குப் போயிற்று. ஒரு பெரிய மீசைக்காரர் கைகட்டிக்கொண்டே நகர்ந்தார். பிறகுதான் பார்த்தேன், என்னிடம் படித்தவர். நான் வெட்கப்பட்டுத் திரும்பச் சீற்றில் இருந்துவிட்டேன். இவரைப் பார்த்தால் ஆள் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். பெருவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. நான் எழும்பும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்ன வரப்போகிறது என்று. வரணிச் சந்தியில் பஸ் திரும்பவும் நிறைந்தபோது முதலாம் பொத்தானை அமர்த்தினார். "என்ன, கல்லு மாதிரி நிக்கிறியள்!" சனம் சிரித்தது. ஆனால் நகர்ந்தது.

அன்று பின்னேரம் மரியாதையாகப் பதிந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு உள்ளபடி பதிந்தோம். "ஆரது இளந்தாரி, எழும்பி இடம் குடு!" "மீன்பெட்டி மேலை, ஆக்கள் உள்ளுக்கு!" "றைற், போகலாம்!" எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ரீச்சர் ஒருத்தி மனம்விட்டுக் கத்துவதற்கு இந்த நாட்டில் வேறு இடம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரப் எழும்ப ஒரு தேத்தண்ணி ஆற்றும் நேரம் எடுக்கும். அதில் எடுத்த படத்தில் நான் என் மாமியாரைப் போல் இருக்கிறேன். வியாழக்கிழமை மழையில், அவள் சொன்னபடியே, அது தோளில் இருந்து வழுகி விழுந்து திரை வெடித்தது. ஆனால் பக்கத்துப் பொத்தான்கள் வேலை செய்தன. வெடித்த திரையோடு பருத்தித்துறை வரை ஏசிக்கொண்டே போயிருக்கிறது. மத்தியான ஓய்வில் இவர் நெல்லியடியில் இருந்து கரவெட்டிக்குப் போனார். நான்கு திருகாணி கழன்றது, புதுத் திரை ஏறியது, நான்கு திருகாணி பூட்டியது. அடுத்த பயணத்துக்கு ஆள் பஸ்ஸில். அந்தக் கனடா ரப்பாக இருந்தால் நாங்கள் அதை பஸ்ஸுக்குள் கொண்டுபோயிருக்கவே மாட்டோம். விலை குறைந்த பொருளைப் பயமில்லாமல் பாவிக்கலாம், பாவித்தால்தான் அது எங்களுடையதாகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை, கிழமையின் கடைசி நாள், முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏறி, மிதிபலகையில் நின்றுகொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறார். இவர் ஒரு கணம் யோசித்துவிட்டு அமர்த்தியிருக்கிறார்.

"மிதிபலகையிலை நிக்கிறது ஆர்? உள்ளுக்கு வாறியளோ, இறங்குறியளோ?"

முதலாளி உள்ளுக்குப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்ததாம். பருத்தித்துறையில் இறங்கும்போது இவருடைய தோளில் தட்டி, "திங்கக்கிழமையும் வாங்கோ அண்ணை. ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று ரப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். இதை இவர் கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் காட்டினார். பிழை நிறைய இருந்தது. சிவப்புப் பேனா இருந்த பக்கமே நான் திரும்பவில்லை.

ஆனால் ஒன்று எனக்குக் குறையாகவே இருந்தது. அந்தக் கிழமை முழுக்க அவர் விடியப் படலையடியில் நின்று கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் போனார். நான் குசினி வாசலில் நின்று பார்ப்பேன். வராத சொல்லுக்கு என்ன பதிலைச் சொல்வது? பஸ்ஸுக்கு வேண்டிய எல்லாவற்றையும் பதிந்த எனக்கு, வீட்டுக்கு வேண்டிய ஒன்றைப் பதியத் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது நானே அதைக் கேட்டுப் பதியக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிய நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெளியே என் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, அடுப்பிலை பால் கிடக்கு, பொங்கப்போகுது, பாருங்கோ! போட்டு வாறன்!"

நான் திருவலையை விட்டு எழும்பி அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பால் இல்லை. ஒன்றுமே இல்லை. அப்போதுதான் விளங்கியது. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்கு வெளிக்கிடும்போது அவசரத்தில் அவருக்குக் கத்திவிட்டுப் போனது அது. இந்த மனிதர் எங்கேயோ ஒளித்து நின்று சிவப்புப் பொத்தானை அமர்த்தியிருக்கிறார்.

படலையடியில் அவர் ரப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு ஒரு பக்கம், பதில் வருமா என்ற பார்வை ஒரு பக்கம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு முற்றத்தைக் கடந்து படலை வரைக்கும் போனேன். இந்த முறை அவருடைய முகத்தைப் பார்த்து, அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்படி, முழுதாகச் சொன்னேன்.

"ஓம். போட்டு வாங்கோ."

அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு பொத்தானை அமர்த்தினார்.

"றைற், போகலாம்!" என்றது என் குரல்.